கடலோரச் சட்டம் – 9: கூட்டு பிரிந்த பிறகு யார் கையெழுத்து செல்லும்?

பாம்பனில் மூன்று பேர் கூட்டாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கி 61 நாள் படகு கரையில் நிற்கிறது. அந்த ஓய்வில் கணக்குப் பார்த்து, மனத்தாங்கல் வந்து, பேசிப் பிரிந்துவிட்டார்கள். ஜூன் மாதம் அவர்களில் ஒருவர் பழைய கூட்டின் பெயரைச் சொல்லி டீசலும் ஐஸும் கடனுக்கு வாங்குகிறார். பணம் வராததால் கடைக்காரர் மற்ற இருவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். “நாங்கதான் பிரிஞ்சிட்டோமே அண்ணே” என்கிறார்கள்.

அந்தப் பதில் போதாது. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 45-வது பிரிவு கடைக்காரர் பக்கம் நிற்கிறது. பிரிந்த செய்தியைப் பொது அறிவிப்பாக வெளியிடும் வரை, ஒருவர் கூட்டின் பெயரில் செய்த காரியம் மற்றவர்களையும் பிடிக்கும். அறிவிப்பு அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் புழங்கும் தாய்மொழி நாளிதழ் ஒன்றிலாவது வர வேண்டும். பதிவு செய்த கூட்டு என்றால் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும்.

அப்படியானால் பிரிந்த பிறகு கூட்டாளிக்கு என்னதான் அதிகாரம்? 47-வது பிரிவு அதற்கு எல்லை வகுக்கிறது: கணக்கை முடிக்கவும், தொடங்கிப் பாதியில் நிற்பதை முடிக்கவும் மட்டும். கம்பெனிக்காரர் தர வேண்டிய இறால் பணத்தை வாங்கலாம், ஆட்களின் கூலிப் பாக்கியைக் கொடுக்கலாம். புதுத் தொழில் தொடங்க அதில் இடமில்லை. ஜூன் மாத டீசல் புதுத் தொழிலுக்கானது என்றால், கடைக்காரருக்குக் கட்டியதை வாங்கியவரிடமே கேட்க மற்ற இருவருக்கும் நியாயம் உண்டு.

பாதியில் நிற்பது என்றால் வாங்கல் விற்றல் மட்டுமல்ல. சாலிகிராம் ருப்லால் கன்னா வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் அதை விரித்துச் சொன்னது: பிரியும் முன்பே கூட்டு ஒரு தகராறில் தரப்பாக இருந்தால், அதைத் தீர்க்க வேண்டிய நடவடிக்கையும் இதற்குள் அடங்கும். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை வேறு வகை. அது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

எனக்குப் பெரும் கவலை, கூட்டாளி ஒருவர் இறந்துபோன வீடுகளைப் பற்றித்தான். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் ஒருவரின் மரணத்தோடு கூட்டு கலைகிறது. அந்த நாளுக்குப் பிறகு மற்றவர்கள் வாங்கிய கடனுக்கு இறந்தவரின் சொத்து பொறுப்பல்ல. இதற்கு அறிவிப்பும் வேண்டாம். ஆனால் அவர் மனைவியிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. கேட்ட பணத்தைத் தாலியை விற்றாவது கட்டிவிடுகிறார். உண்மையில் கேட்கும் உரிமை அவருக்குத்தான். கணக்கைத் தீர்க்காமல் மற்றவர்கள் அதே படகைக் கடலுக்கு அனுப்பினால், இறந்தவரின் பங்கால் வந்த லாபத்தையோ, பங்கின் மதிப்புக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ வாரிசுகள் கேட்கலாம் என்கிறது 37-வது பிரிவு. எது என்று தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். கூட்டு பதிவாகவில்லை என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கும் வழக்கை 69-வது பிரிவு தடுக்கவில்லை. ஆனால் கலைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.