விடை அச்சாகாத கணக்கு

என்ஜினீயரிங் கல்லூரியில் பிள்ளையையோ பெண்ணையோ சேர்த்துவிட்ட வீடுகளில் ஓயாமல் ஒலிக்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தத் தடவை எத்தனை மார்க்கு?" என்பதே அது. பணத்தைக் கட்டிய பெற்றோர் கேட்பது நியாயந்தான். அதில் குற்றங்காண நாம் வரவில்லை. ஆனால், வகுப்பு முடிந்த பின்னும் வீடு திரும்பாமல், ஆராய்ச்சிசாலையின் ஒரு மூலையில் ஓடாத யந்திரத்துடன் மல்லுக்கு நிற்கும் மாணவனைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? அவன் போடும் கணக்கின் விடை எந்தப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அச்சாகவில்லை. அவனுடைய ஆசிரியருக்கே அது தெரியாது. ஆராய்ச்சி என்பதன் பொருளே அதுதானே!

முதலில் பட்டம், பிறகே ஆராய்ச்சி என்பது வெகுகாலம் வரை பொதுவான எண்ணமாக இருந்தது. அதை மாற்றிய முயற்சிகளுள் பேர்பெற்ற ஒன்று அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் சர்வகலாசாலையில் நிகழ்ந்தது. 'போலராய்டு' காமிராவைக் கண்டுபிடித்த எட்வின் லாண்ட், 1957-ம் ஆண்டில் அங்கே ஒரு பிரசங்கம் செய்தார். கல்லூரியில் காலெடுத்து வைக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஆரம்ப முதலே சொந்தமாக ஓர் ஆராய்ச்சி வேலை இருக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். 1969-ம் ஆண்டில் மார்கரெட் மக்விகார் என்ற இளம் பௌதிக ஆசிரியை அந்த எண்ணத்திற்கு உருவம் கொடுத்தார். அவர் தொடங்கிய திட்டத்தில் சேரும் மாணவர் ஊதியம் பெறலாம்; படிப்புக் கணக்கிலும் சேர்த்துக் கொள்ளலாம்; இரண்டும் வேண்டாமென்று தொண்டாகவும் செய்யலாம். இன்று அங்கே பட்டம் பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் அவ்வழியே வந்தவர்கள்தாம்.

"அது பணக்கார தேசம் ஐயா! நமக்கு ஏது?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். பதிலைத் தேடி வெகு தூரம் போகவேண்டியதில்லை. 2007-ம் ஆண்டில் மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள், தாங்களே ஒரு செயற்கைக்கோள் செய்வதென்று துணிந்தார்கள். 'பிரதம்' என்று அதற்குப் பெயர். எடை சுமார் பத்துக் கிலோதான். வானவெளியின் உச்சியிலுள்ள மின்மய அடுக்கில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று அளப்பது அதன் வேலை. செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடியோ அலைகளை அந்த அடுக்கு சற்றே தாமதப்படுத்துகிறது; ஆகையால் அதை அளப்பது வீண் வேலையன்று.

2016-ம் ஆண்டு செப்டம்பர் 26-ம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் 'பிரதம்' வானேறியது. படிப்போ நான்கு ஆண்டு; வேலையோ ஒன்பது ஆண்டு! விதைத்தவர்கள் பட்டம் பெற்றுப் பல திசைகளிலும் போய்விட்டார்கள். பின்வந்த மாணவர்கள் முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். தாம் காணப்போகாத அறுவடைக்கும் உண்மையாக உழைப்பது என்ற பாடத்தை எந்தப் பரீட்சை கற்பிக்கும்?

இத்தகைய இடத்திற்குள் நுழைவது எப்படி என்று மாணவர்கள் கேட்கலாம். பெரிய சிபாரிசு வேண்டியதில்லை. கல்லூரியில் எந்த ஆசிரியர் எதை ஆராய்கிறார் என்று முதலில் விசாரித்தறிய வேண்டும். அவர் எழுதிய கட்டுரை ஒன்றையாவது, பாதி புரியாவிட்டாலும், முழுதும் படிக்கவேண்டும். பிறகு நேரில் சென்று, புரியாத இடத்தைப் பற்றியே ஒரு கேள்வி கேட்டு, வாரத்தில் இத்தனை மணி நேரம் வரமுடியும் என்று ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒருவர் இடமில்லை என்றால் இன்னொருவர் கதவைத் தட்டுவதில் அவமானமில்லை.

உள்ளே போன முதல் நாளே யாரும் ராக்கெட்டைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். கம்பிகளைப் பற்றவைப்பதும், கருவிகளைத் துடைப்பதும், எண்களை வரிசைப்படுத்துவதுமாகச் சில மாதங்கள் கழியும். சமையலறையில் புதிதாக நுழைந்த பெண்ணிடம் எடுத்தவுடன் கல்யாண விருந்தையா ஒப்படைக்கிறோம்? பக்கத்தில் வேலைசெய்யும் மூத்த ஆராய்ச்சி மாணவரே அப்போது உண்மையான குரு. பலித்த சோதனையைப் போலவே பலிக்காத சோதனையையும் தேதியிட்டு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அங்கேதான் கைவரும். தவறை மறைப்பவனுக்கு ஆராய்ச்சிசாலையில் இடமில்லை. தவறாதவனோ அங்கே ஒருவனும் இல்லை.

இந்த வேலையால் சில மார்க்குகள் குறையவும் கூடும். பரீட்சை நெருங்கும்போது ஆராய்ச்சி மணியைக் குறைத்துக்கொள்ளும் விவேகமும் மாணவருக்கு வேண்டும். இவற்றை நாம் மறைக்கவில்லை. ஆயினும், அந்நியர் செய்த யந்திரத்தை வாங்கி ஓட்டுவதோடு ஒரு தேசம் திருப்தி அடைய முடியாது. புதியதைச் செய்யும் கைகள் பட்டமளிப்பு விழாவன்று திடீரென்று முளைத்துவிடுவதுமில்லை.

ஆகவே, இன்று மாலை பிள்ளையோ பெண்ணோ நேரங்கழித்து, கையில் கறையுடன் வீடு திரும்பினால், மார்க்கைப் பற்றிய கேள்வியைச் சற்றே ஒத்தி வையுங்கள். "இன்றைக்கு எது ஓடவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். அன்று சாப்பாட்டு நேரம் சற்று நீளும்; அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.