தரை இன்னும் எவ்வளவு தூரம்?

2023 ஏப்ரல் 26. ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனம் அனுப்பிய ஹகுடோ-ஆர் லேண்டர், நிலவின் அட்லஸ் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வேகம் குறைந்தது. கால்கள் தரையை நோக்கி நேராயின. உயரம் பூஜ்யம் என்று கலத்தின் கணினி முடிவு செய்தது. ஆனால் கலம் அப்போது தரைக்கு மேலே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. தொடவேண்டிய தரையைத் தேடி அது மெல்ல மெல்ல இறங்கியது. எரிபொருள் தீர்ந்ததும் விழுந்து நொறுங்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தின் ரஷீத் ரோவரும் அதோடு போயிற்று.

உயரம் அளக்கும் கருவி பழுதாகவில்லை. கலம் பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது தரை திடீரென்று 3 கிலோமீட்டர் கீழே போனது. கருவி அதைச் சரியாகவே அளந்து சொன்னது. அளவு இப்படி ஒரேயடியாக மாறாது, கருவியில்தான் கோளாறு என்று எண்ணிய மென்பொருள், அதன் பேச்சை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்தக் கணக்கை நம்பியது. வடிவமைப்பை இறுதி செய்த பிறகு இறங்கும் இடத்தை மாற்றியிருந்தார்கள். புதிய இடத்துக்குப் போகும் வழியில் உள்ள அந்த விளிம்பு, கணினி ஒத்திகைகளில் போதுமான அளவு இடம்பெறவில்லை. இவ்வளவையும் ஒரே மாதத்தில் நிறுவனமே வெளியிட்டது. அந்த வெளிப்படைத்தன்மைக்கு இத்துறை முழுதும் நன்றி சொல்லவேண்டும்.

உயரம் அறிவதில் என்ன அவ்வளவு சிரமம்? விமானத்துக்குக் காற்றழுத்தம் உதவுகிறது. நிலவில் காற்றே இல்லை. ஆகவே பாராசூட்டும் கிடையாது. நொடிக்கு 1.7 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் கலம், அத்தனை வேகத்தையும் ராக்கெட் எஞ்சினைக் கொண்டே கழிக்கவேண்டும். எஞ்சினை எந்தக் கணத்தில் எவ்வளவு எரிப்பது என்பது உயரத்தைப் பொறுத்தது. பூமியிலிருந்து கைகொடுக்கவும் வழியில்லை: சமிக்ஞை ஒருவழி போகவே ஏறத்தாழ 1.3 நொடி ஆகும். கலம் தானே அளந்து, தானே முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலும் லேசர் துடிப்பைத் தரைக்கு அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு நானோ நொடி பிசகினால் 15 சென்டிமீட்டர் பிசகும். அது பெரிய சிக்கல் இல்லை. ஒளி திரும்பி வராமலே போவதுதான் சிக்கல். நிலவின் மண் கரியது. கலம் சாய்வாகவும் வேகமாகவும் பாய்கிறது.

இந்தச் சிக்கலை இப்போது தனியார் நிறுவனங்கள் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. 2018-இல் நாசா ஒரு திட்டத்தைத் தொடங்கியது: கலத்தை நாங்கள் கட்டமாட்டோம், எங்கள் கருவிகளை நிலவில் இறக்கிவிடுங்கள், கூலி தருகிறோம். 2028 வரையிலான மொத்த வரம்பு 260 கோடி டாலர். முதலில் கிளம்பிய ஆஸ்ட்ரோபாட்டிக் நிறுவனத்தின் பெரக்ரின் நிலவை எட்டவேயில்லை. 2024 ஜனவரியில் ஏவிய சில மணி நேரத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் எரிபொருள் அமைப்பு கசிந்தது. பத்து நாளில் அது பூமியின் காற்றுமண்டலத்துக்கே திரும்பி எரிந்தது.

அடுத்த மாதம் இன்ட்யூட்டிவ் மெஷின்ஸ் நிறுவனத்தின் ஒடிசியஸ் போயிற்று. அதன் லேசர் கண்ணுக்கு ஆபத்தானது என்பதால், தரையில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். ஏவுமுன் அதைக் கையால் விடுவிக்க வேண்டும்; யாரும் விடுவிக்கவில்லை. நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கையில், பாதையைச் சரிபார்க்க லேசரை இயக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இறங்கச் சில மணி நேரமே இருந்தது. கலத்தில் நாசாவின் லேங்லி மையம் செய்த இன்னொரு லேசர் கருவி, சோதனைச் சரக்காகப் பயணம் செய்துகொண்டிருந்தது. அதன் அளவீட்டை எடுத்துக்கொள்ளும்படி அவசரமாக மென்பொருளைத் திருத்தி, ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றவிட்டு இறக்கினார்கள். திருத்தத்தில் ஒரு சிறு குறி விடுபட்டதால் அந்த அளவீடும் பயன்படவில்லை என்று பிறகு தெரியவந்தது. கேமராக்களையும் உள்ளிருக்கும் அசைவுணரிகளையும் மட்டும் நம்பி இறங்கிய ஒடிசியஸ், பக்கவாட்டு வேகத்தோடு தரையைத் தொட்டு, கால் ஒடிந்து சாய்ந்து நின்றது. அப்படியும் பேசியது, தகவல் அனுப்பியது. நிலவில் மெதுவாக இறங்கிய முதல் தனியார் கலம் அதுதான்.

2025-இல் அதே நிறுவனத்தின் அதீனா, தென்துருவத்துக்கு அருகிலுள்ள மான்ஸ் மூட்டன் மலைமேல் ஒரு பள்ளத்துக்குள் பக்கவாட்டில் விழுந்தது. லேசர் அளவீட்டில் இரைச்சல். சூரியன் தாழ்ந்திருந்ததால் நீண்ட நிழல்கள் கேமராவைக் குழப்பின. பனியைத் தேட எடுத்துச்சென்ற துளையிடும் கருவி மண்ணைத் தொடாமலே ஒரு நாளில் பணி முடிந்தது. ஜூனில் ஐஸ்பேஸின் இரண்டாவது கலமான ரெசிலியன்ஸும் மோதி உடைந்தது. 3 கிலோமீட்டருக்கு மேலேயே கிடைத்திருக்க வேண்டிய லேசர் அளவீடு, 1 கிலோமீட்டருக்கும் கீழே வந்த பிறகுதான் கிடைத்தது. பிரேக் போட நேரமில்லை.

இடையில் ஒரு கலம் ஒழுங்காக இறங்கியது. ஃபயர்ஃப்ளை நிறுவனத்தின் புளூ கோஸ்ட், 2025 மார்ச் 2 அன்று மேர் கிரிசியம் சமவெளியில், குறித்த இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் நின்றது. இறங்கும்போது கேமரா கண்ட தரையை வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஆபத்தைக் கண்டு இரண்டு முறை விலகி இடம் தேர்ந்தது. உயரம் 2 மீட்டர், அகலம் 3.5 மீட்டர் என மணைப்பலகை மாதிரி குட்டையான உடல். தட்டையான சமவெளி என்பதும் உதவியது. நாசாவின் பத்துக் கருவிகளும் வேலை செய்தன. அவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது லூக்ரே: பூமியைச் சுற்றும் ஜி.பி.எஸ்., கலிலியோ செயற்கைக்கோள்களின் மெல்லிய சமிக்ஞைகளைப் பிடித்து, நிலவின் தரையில் தன் இடத்தைக் கணித்தது. உயரம் தெரியாமல் தடுமாறும் கலங்களுக்கு இது நாளை இன்னொரு துணையாகலாம்.

இறங்கும் கருவியை நிலவிலேயேதான் சோதிக்க வேண்டுமா? ஓரளவு பூமியிலேயே முடியும். புளூ ஆரிஜின் நிறுவனம் 2025 பிப்ரவரியில் நியூ ஷெப்பர்ட் ராக்கெட்டின் பயணக்கூட்டை நிமிடத்துக்கு 11 முறை சுழலவிட்டு, உள்ளே சுமார் இரண்டு நிமிடம் நிலவின் ஈர்ப்பை உண்டாக்கி, 30 சோதனைப் பொருள்களை ஏற்றிச்சென்றது. 2019-இல் தன் விக்ரம் லேண்டர் நிலவில் விழுந்த பிறகு நம் இஸ்ரோ செய்ததைப் பாருங்கள். சந்திரயான்-3-இன் உணரிகளை ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டார்கள். எஞ்சினோடு கிரேனில் தொங்கவிட்டார்கள். செயற்கை நிலவு மண்ணில் கால்களை இறக்கிப் பார்த்தார்கள். நிலவின் மேட்டுநிலத்தை ஒத்த செயற்கை மண் செய்ய இஸ்ரோவுக்குக் கிடைத்த பாறை, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் இருக்கிறது. வேகத்தை அளக்கப் புதிதாக ஒரு லேசர் கருவியையும் கலத்தில் சேர்த்தார்கள்.

ஒப்பந்தத் தேதியும் முதலீட்டாளரின் பணமும் துரத்தும் நிறுவனங்கள் இத்தனை பொறுமை காட்டுவது கடினம் என்பது புரிகிறது. மலிவாகப் போய் விழுந்து கற்பதும் ஒரு வழிதான். நாசா அதைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தது. ஆனால் விழுகிற கலத்தில் மற்றவர்களின் பல ஆண்டு உழைப்பு ஏறியிருக்கிறது. விடுவிக்காத பூட்டும் ஒத்திகையில் வராத விளிம்பும் நிலவு கற்பிக்கவேண்டிய பாடங்கள் அல்ல. பூமியிலேயே கண்டுபிடித்திருக்கக்கூடியவை.

இனி மனிதர்களை இறக்கப்போகும் கலங்களையும் தனியார்தான் கட்டுகிறார்கள்: ஸ்பேஸ்எக்ஸ், புளூ ஆரிஜின். ஸ்பேஸ்எக்ஸின் நிலவு ஸ்டார்ஷிப் சுமார் 50 மீட்டர் உயரம். போகுமிடமோ அதீனாவைக் குழப்பிய அதே நீண்ட நிழல்களின் தென்துருவம். ஆட்களை ஏற்றுமுன் ஆளில்லாமல் ஒருமுறை இறங்கிக் காட்டவேண்டும் என்பது நாசாவின் நிபந்தனை. இதுவரை நடந்ததைப் பார்த்தால், ஒருமுறை போதாது என்றே எனக்குப் படுகிறது.