ஓர் எழுத்தில் ஒரு மரியாதை: ஸ்பானிஷ் ஏவல் வினைகள்

போகோட்டாவில் இருக்கும் ஒரு வயதான அம்மாவோடு வாரம் ஒருநாள் இணையத்தில் ஸ்பானிஷ் பேசிப் பழகுகிறேன். போன மாதம் அவர் மளமளவென்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார். குறித்துக்கொள்ள நேரம் வேண்டும் என்று "எஸ்பேர!" என்றேன். அவர் ஒரு நொடி நின்று, சிரித்துக்கொண்டே "எஸ்பேரெ" என்று திருத்தினார். அப்புறம்தான் உறைத்தது. எழுபது தாண்டியவரைப் பார்த்து "இரு!" என்று சொல்லியிருக்கிறேன். "இருங்க" என்றிருக்க வேண்டும். அந்த ஊரில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்தேத்' (நீங்கள்) போட்டுப் பேசுபவர்கள் நிறைய.

தமிழில் 'ங்க' என்று ஒரு விகுதியே சேர்க்கிறோம். ஸ்பானிஷில் அந்த வேலையைக் கடைசி உயிரெழுத்து ஒன்றே பார்க்கிறது. அது எப்படி என்று பார்த்துவிடலாம். (கீழே உள்ள ஸ்பானிஷ் சொற்களில் நெடில் வரும் இடத்தில் அழுத்தம் என்று கொள்க.)

ஸ்பானிஷ் வினைச்சொற்கள் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்று மூன்று விதமாக முடியும். அப்லார் (பேச), கொமேர் (சாப்பிட), எஸ்க்ரிபீர் (எழுத). இந்த முடிவை வெட்டிவிட்டு, மிஞ்சும் பகுதியோடு ஓர் உயிரைச் சேர்க்க வேண்டும்.

'தூ', அதாவது நீ:
ஆப்ல (பேசு), கோமெ (சாப்பிடு), எஸ்க்ரீபெ (எழுது)

'உஸ்தேத்', அதாவது மரியாதையான நீங்கள்:
ஆப்லெ (பேசுங்க), கோம (சாப்பிடுங்க), எஸ்க்ரீப (எழுதுங்க)

'உஸ்தேதெஸ்', பலரைப் பார்த்து:
ஆப்லென், கோமன், எஸ்க்ரீபன்

கவனித்தீர்களா? 'நீ'க்கு 'அ' வந்த இடத்தில் மரியாதைக்கு 'எ' வருகிறது. 'எ' வந்த இடத்தில் 'அ' வருகிறது. உயிரை மாற்றிப் போட்டால் மரியாதை. அதோடு 'ன்' சேர்த்தால் பன்மை. அவ்ளோதான்.

ஏன் இந்த இடமாற்றம்? 'நீ' வடிவம் லத்தீன் ஏவலிலிருந்து நேராக வந்தது. 'உஸ்தேத்' என்ற சொல்லோ 'புவெஸ்த்ர மெர்சேத்' என்ற பழைய மரியாதைத் தொடரின் தேய்ந்த வடிவம். 'தங்கள் மேன்மை' என்பது போல. எதிரில் இருப்பவரை மூன்றாம் ஆளாக வைத்துப் பேசும் முறை அது. மேன்மையைப் பார்த்து 'பேசு' என்று ஏவ முடியுமா? 'தங்கள் மேன்மை பேசட்டும்' என்றுதான் சொல்ல முடியும். அந்த 'பேசட்டும்' என்ற விருப்ப வடிவம்தான் 'ஆப்லெ'. லத்தீனிலேயே அந்த விருப்ப வடிவத்தில் உயிர் மாறித்தான் வரும். நம் இலக்கணம் 'வா' என்பதை ஏவல் என்றும், 'வருக' என்பதை வியங்கோள் என்றும் பிரிக்கிறதே, கிட்டத்தட்ட அதே பிரிவு. இதைப் பிடித்துக்கொண்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஊருக்கு ஊர் சில மாற்றங்கள் உண்டு. ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல, கடைசி 'ர்' போய் 'த்' வரும்: அப்லாத், கொமேத், எஸ்க்ரிபீத். அர்ஜென்டினாவில் 'நீ'க்கு 'போஸ்' என்பார்கள். அங்கே அந்த 'ர்' விழுந்தாலே போதும்: அப்லா, கொமே, எஸ்க்ரிபீ. அழுத்தம் கடைசிக்கு நகர்ந்திருப்பதைப் பாருங்கள்.

'எனக்கு', 'அதை' போன்றவை ஏவலின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கோமெலொ என்றால் 'அதைச் சாப்பிடு'. எஸ்க்ரீபெமெ என்றால் 'எனக்கு எழுது'. சொல் நீண்டாலும் அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கும். அதைக் காட்டத்தான் எழுதும்போது அந்த உயிரின் மேல் ஒரு சாய்கோடு போடுகிறார்கள்.

ஸ்பெயினில் கடைக் கதவுகளில் 'எம்பூஹெ', 'தீரெ' என்று எழுதியிருப்பார்கள். தள்ளுங்கள், இழுங்கள். எம்புஹார், திரார் இரண்டும் 'ஆர்' வினைகள். ஆகவே 'எ' வந்தால் மரியாதை. யார் வருவார் என்று கதவுக்குத் தெரியாதே!

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் 'செய்' என்பதற்கு மட்டுமே. 'பேசாதே' என்று நீ போட்டு விலக்கும்போதுகூட ஸ்பானிஷ் அந்த விருப்ப வடிவத்துக்கே போய்விடும்: நோ ஆப்லெஸ். அதைத் தனியாக எழுத வேண்டும்.

இப்போது நீங்களே செய்து பாருங்கள். கந்தார் (பாட), பெபேர் (குடிக்க), அப்ரீர் (திறக்க). 'பாடுங்க', 'குடிங்க', 'திறங்க' எப்படிச் சொல்வீர்கள்? காந்தெ, பேப, ஆப்ர என்று வந்தால் சரி.

அடுத்த வாரம் அந்த அம்மா மறுபடி வேகமெடுத்தபோது "எஸ்க்ரீபமெலொ" என்றேன். 'அதை எனக்கு எழுதிக் காட்டுங்க.' இந்த முறை அவர் திருத்தவில்லை. எழுதிக் காட்டினார்.