கல்வராயன் மலையும் கண்ணொளியும்

கள்ளக்குறிச்சியின் பெயர் 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தேசமெங்கும் அடிபட்டது. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர்களுள்ளும் சிலர் கண்ணொளியை இழந்தனர். மெதனால் என்னும் அவ்விஷம் உடலினுள் அமிலமாக மாறி, கண்ணினின்று மூளைக்குச் செல்லும் நரம்பைக் கெடுத்துவிடுகிறது. கெட்டொழிந்த அந்நரம்பை மாற்றிவைக்கும் வைத்தியர் உலகத்தில் எவருமில்லை. அக்கொடுமையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. சட்டசபையிலும் நியாயஸ்தலத்திலும் வாதங்கள் நடந்தன. அவை வேண்டியவையே. ஆனால் அதே ஜில்லாவில், சத்தமின்றி வந்து முதியோரைப் பற்றிக்கொள்ளும் மற்றொரு இருள் உண்டு. அது நீக்கக்கூடிய இருள். நீக்கக்கூடியதை நீக்காமலிருப்பது விதியன்று, குற்றம் என்பது நமது அபிப்பிராயம்.

கண்ணின் பாவைக்குப் பின்னே பளிங்கு போன்ற சிறு வில்லையொன்று இருக்கிறது. லென்ஸ் என்று வழங்குவது இதனையே. வயது முதிர முதிர இது தெளிவு குன்றி, பால் படிந்த கண்ணாடியைப் போலாகிவிடுகிறது. இதற்கே கண் புரை என்று பெயர். புரையை ஊசியால் அகற்றும் முறை சுசுருதர் பெயரால் வழங்கும் நமது பழைய வைத்திய நூலிலேயே கூறப்பட்டிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் டாவியேல் என்ற பிரெஞ்சு வைத்தியர் மங்கிய வில்லையை அறுத்து வெளியே எடுக்கும் முறையை நிலைநாட்டினார். எனினும் வில்லை போன இடம் வெற்றிடமாகவே நின்றது. நோயாளி கனத்த கண்ணாடியை மூக்கில் சுமந்தே பார்க்க வேண்டியிருந்தது. அக்கண்ணாடி பாறையில் விழுந்து உடைந்துபோனால், மலையடிவாரம் இறங்கி வேறு வாங்க வழியில்லாத ஏழைக்கு மறுபடியும் இருளே கதி.

இக்குறையைத் தீர்த்தவர் ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கில வைத்தியர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆகாய விமானிகளின் கண்களில், விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் என்னும் செயற்கைக் கண்ணாடித் துணுக்குகள் பாய்ந்திருந்தன. அவற்றைக் கண் பகைத்துத் தள்ளவில்லை என்பதை அவர் கவனித்தார். அப்பொருளைக் கொண்டே வில்லை செய்வித்து, 1949-ஆம் வருஷம் நவம்பர் 29-ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அதை ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். அக்காலத்துப் பெரும் நிபுணர்கள் அவரை எதிர்த்தனர். ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 2000-ஆம் வருஷத்தில்தான் அவருடைய தேசம் அவருக்கு சர் பட்டம் அளித்தது.

இனி நமது தேசத்தின் நிலையைப் பார்ப்போம். அந்நிய நாட்டு வில்லை ஒன்று நூறு டாலருக்கும் மேல் விலைபோன காலத்தில், "ஏழை நாடுகளுக்கு இது ஏற்றதன்று, அவர்களுக்குக் கனத்த கண்ணாடியே போதும்" என்ற வாதம் மேல்நாட்டில் உலவிற்று. பணக்காரன் கண்ணுக்கு ஒரு நீதி, ஏழையின் கண்ணுக்கு ஒரு நீதியா? இதற்கு மறுமொழி மதுரையிலிருந்து பிறந்தது. வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, கீல்வாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்பும் கண் சிகிச்சை பயின்று தேர்ந்தவர். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பணம் கொடுக்கக் கூடியவர் கொடுப்பதைக் கொண்டே இல்லாதவர்க்கும் சிகிச்சை செய்வது அங்கே ஏற்பட்ட முறை. அந்த ஸ்தாபனத்தின் சார்பில் 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்சாலை எழுந்தது. வில்லையின் விலை பத்து டாலர் அளவுக்கும் பின்னர் அதற்குங் கீழும் இறங்கிற்று. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அத்தமிழ்நாட்டு வில்லைகள் செல்கின்றன. சுதேசியம் என்பது கதர்த்துணியோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டுமோ?

மதுரையில் ஆஸ்பத்திரி தோன்றிய அதே 1976-இல்தான், கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக நிலவிய ஜாகீர்தார்களின் ஆட்சி முடிவுற்று, மலைமக்கள் சர்க்காரின் நேர் நிர்வாகத்தின்கீழ் வந்தனர். நூறு தேசங்களுக்குக் கடல் கடந்து செல்லும் வில்லை, கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையையும் கடக்க வேண்டாமா? "வயதானால் கண் மங்கத்தான் செய்யும்" என்று திண்ணையில் ஒடுங்கிவிட்ட கிழவிக்கு, அது சில நிமிஷங்களில் முடியும் சிகிச்சையால் தீரக்கூடியது என்று சொல்வார் யார்? சிகிச்சை இலவசம் என்றால் மட்டும் போதாது. பஸ் கட்டணம் உண்டு. துணைக்கு வரும் மகனுக்கு அன்றைய கூலி நஷ்டம் உண்டு. கத்தி என்றவுடன் எழும் அச்சமும் உண்டு. இம்மூன்றுமே இன்று புரையினும் தடித்த திரைகள்.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி ஜில்லாவாயிற்று; 2022 ஜனவரியில் அங்கே அரசாங்க மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. சாதனங்கள் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. ஆகவே நமது தொண்டர்களுக்கு ஒன்று சொல்வோம். எக்கட்சியினராயினும் ஆகுக, வோட்டுக் கேட்க மலையேறும் கால்கள் இதற்காகவும் ஏறட்டும். ஊர் ஊராகச் சென்று பார்வை மங்கியோரின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் வண்டி பேசி அழைத்து வாருங்கள். துணைக்கு வருபவரின் கூலியை ஊரார் பங்கிட்டுக் கொடுக்கட்டும். வந்தவர் எல்லோருக்கும் பார்வை மீளும் என்று பொய் வாக்குக் கொடுக்க வேண்டாம். நரம்பு கெட்ட கண்ணுக்கு வில்லை உதவாது. புரை எது, வேறு நோய் எது என்று வைத்தியர் சொல்வார். சிகிச்சைக்குப் பின் மறு சோதனைக்கு அழைத்து வருவதையும் மறவாதீர்கள்.

விஷத்தால் போன கண்களை நம்மால் மீட்க முடியாது. மீட்கக்கூடிய கண்களையாவது மீட்போமாக. ஒரு பாட்டி தன் பேரனின் முகத்தை மீண்டும் காண்பாளாயின், அன்றைக்கு அம்மலையில் சுயராஜ்யம் ஓரடி முன்னேறியதாகவே நாம் கொள்வோம்.