வெட்டிய மரங்களைத் தூண்களில் வரைந்த தெரு எது தெரியுமா?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ட்ரெமே என்றொரு பகுதி. அடிமை முறை கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே, யாருக்கும் அடிமையாக இல்லாத கறுப்பினத்தவர் இங்கே சொந்த நிலம் வாங்கி வீடு கட்டி வாழ்ந்தார்கள், தெரியுமா? அடிமைகளாக இருந்தவர்களோ ஞாயிறுதோறும் இங்குள்ள காங்கோ சதுக்கத்தில் கூடி முரசறைந்து ஆடினார்கள். ஜாஸ் இசையின் வேரைத் தேடிப் போகிறவர்கள் அந்தச் சதுக்கத்தில்தான் வந்து நிற்கிறார்கள்!

ட்ரெமேயின் பெரிய கடைவீதி கிளெய்பர்ன் அவென்யூ. சாலை நடுவே அகன்ற புல்தரை, அதில் வரிசை வரிசையாய் ஓக் மரங்கள். இருபுறமும் கறுப்பினத்தவரே நடத்திய மருந்துக்கடைகள், தையற்கடைகள், காப்பீட்டு அலுவலகங்கள். நிறவெறி தலைவிரித்தாடிய நாட்களில் நகரத்தின் மார்டி க்ரா திருவிழாவில் அவர்களுக்கு இடமில்லை. அதனால் என்ன? இந்த மரநிழலிலேயே தங்களுக்கென ஒரு திருவிழா எடுத்தார்கள். மணிகளும் இறகுகளும் தைத்த உடையில் ஆடிவரும் குழுக்களைக் காணத் தெருவே திரண்டது!

1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. சாலை போடும் செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. எந்த நகரம் வேண்டாம் என்று சொல்லும்? 1966-ல் கிளெய்பர்னின் ஓக் மரங்கள் சாய்ந்தன. சுமார் 500 வீடுகள் போயின. மரங்கள் நின்ற இடத்தில் கான்கிரீட் தூண்கள் எழுந்து, வீதிக்கு மேலே பாலமாக ஐ-10 நெடுஞ்சாலை ஓடியது. கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இனி வருவதுதான் பெரிய ஆச்சரியம். அதே நகரில், அதே ஆண்டுகளில், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பிரெஞ்சு குவார்ட்டரை ஒட்டி ஆற்றங்கரையிலும் ஒரு விரைவுச்சாலை வரவிருந்தது. அதற்காகச் சுரங்கப்பாதையின் ஒரு துண்டைக் கட்டியும் முடித்துவிட்டார்கள்! பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க வழக்கறிஞர்களும் செல்வாக்குள்ளவர்களும் போராடினார்கள். 1969-ல் போக்குவரத்து அமைச்சர் ஜான் வோல்பி திட்டத்தையே ரத்து செய்தார். போகும் ஊர் இல்லாத அந்தச் சுரங்கம் பிற்பாடு கார் நிறுத்தப் பயன்பட்டது.

ட்ரெமேவுக்கு அப்படிப் பேச ஆளில்லை. தென்மாநிலக் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கே 1965-ல்தான் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஒரே நகரம், இரண்டு சாலைகள். எது நின்றது, எது எழுந்தது என்பதை மண்ணும் பொறியியலும் தீர்மானித்ததாக நான் நம்பவில்லை. இது அநீதி.

நாடு முழுவதும் 1957 முதல் 1977 வரை நெடுஞ்சாலைகளுக்காக வீடிழந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல், தெரியுமா? அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே சொல்லும் கணக்கு இது.

ஆனால் ட்ரெமே மக்கள் தெருவை விட்டுக்கொடுக்கவில்லை! மார்டி க்ரா வந்தால் இன்றும் பாலத்தடியில்தான் கூடுகிறார்கள். எக்காள ஒலி கான்கிரீட்டில் மோதி இரட்டிப்பாகிறது. 2002-ல் ஓவியர்கள் வந்தார்கள். தூண்களில் இழந்த ஓக் மரங்களையும் ஊர்ப் பெரியவர்களையும் வரைந்தார்கள்.

2021-ல் வெள்ளை மாளிகையின் உள்கட்டமைப்புத் திட்ட அறிக்கை, இழைக்கப்பட்ட தவறுக்கு உதாரணமாக இந்தச் சாலையையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பாலம் இன்னும் இடிக்கப்படவில்லை. நியூ ஆர்லியன்ஸ் போகும் வாய்ப்புக் கிடைத்தால், பிரெஞ்சு குவார்ட்டரோடு திரும்பிவிடாதீர்கள். நடந்து போகும் தூரம்தான். அந்தத் தூண்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.