ஜிம்மிக்கு ஊசி போட்டாச்சா?

நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வசனம் உண்டு: "பயப்படாதீங்க சார், ஒண்ணும் பண்ணாது!"

பதிலுக்கு நாம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "அது சரி, ஊசி போட்டாச்சா?"

கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார்கள். பேர் வெச்சாச்சு, பெல்ட் வாங்கியாச்சு, பிஸ்கெட்கூட பிராண்ட் பார்த்துத்தான். ஊசி மட்டும்... "அடுத்த மாசம் சம்பளம் வந்ததும்!"

இந்த 'அடுத்த மாச'த்தில்தான் ஆபத்தே இருக்கிறது.

ரேபீஸ் கிருமி வெறிபிடித்த நாயின் எச்சிலில் குடியிருக்கிறது. கடித்த காயம் வழியாக உள்ளே புகுந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு, டவுன் பஸ் மாதிரி நிதானமாக மூளைக்குப் போகும். சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். மூளை ஸ்டாப்பில் இறங்கிவிட்டால் முடிந்தது கதை. தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகும். அதற்குப்பின் குணப்படுத்த எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது. ஆனால் வழியிலேயே பஸ்ஸை மறித்துவிட முடியும். 1885-ல் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு ஊசி போட்டுக் காட்டினார், லூயி பாஸ்டர்.

"குட்டிதானே, செல்லமாக் கடிக்குது" என்று விடாதீர்கள். குட்டிக்கும் ரேபீஸ் வரும். அதனுடன் கட்டிப்பிடித்து விளையாடுவது உங்கள் வீட்டு வாண்டுகள். லேசான கீறல் என்றால் அம்மா திட்டுவாள் என்று வெளியே சொல்லவும் மாட்டார்கள்!

ஜிம்மியின் டைம்டேபிள்

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கு எதிரானது. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை என்று பதினாறு வாரம் வரை இது தொடரும். மூன்று மாதம் முடிந்ததும் ரேபீஸ் ஊசி, அதன்பின் டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர், பிறகு வருஷா வருஷம். நடுவே குடற்புழுவுக்கு மருந்து: சின்னக் குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வளர்ந்ததற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

"எங்க ஜிம்மி வாசலைத் தாண்டினதே இல்ல. அதுக்கு எதுக்கு ஊசி?"

ஜிம்மி தாண்டாது சார், உங்க செருப்பு தாண்டுதே! பார்வோ கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். மாதக்கணக்கில் தரையில் காத்திருக்கும். வாந்தியும் ரத்தபேதியுமாக இரண்டே நாளில் குட்டியைச் சாய்த்துவிடும்.

இன்னொன்று. காய்ச்சல் என்றால் உங்கள் பாக்கெட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்து வைத்தியம் பார்க்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் போதும், பூனையின் உயிரைப் பறிக்க.

டாக்டருக்கு எங்கே போவது? சென்னைக்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது வேப்பேரி. 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனை. மாடு, ஆட்டுக்கு மட்டும் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள், ஜிம்மிக்கும் அங்கே இடம் உண்டு. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக ரேபீஸ் தினம். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச ஊசி முகாமே நடக்கும்.

கடித்துவிட்டால்..?

மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள்... எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, முழுசாகப் பதினைந்து நிமிஷம்! பிறகு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. ஊசி போட்ட நாய் என்றாலும் போய்க் காட்டிவிடுவது நல்லது.

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாமே?" என்று நடுங்குபவர்களுக்கு: அந்தப் பழைய மருந்துக்கு 2004-லேயே நம் நாட்டில் முழுக்குப் போட்டாயிற்று. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக நான்கு தடவை: முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்களில். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே வேறொரு மருந்தும் போடுவார்கள். வலி குறைந்துவிட்டது, ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்று நடுவில் நிறுத்தக் கூடாது. லீவு லெட்டருக்கு இதைவிட நியாயமான காரணம் கிடைக்குமா என்ன!

பைக் இன்ஷூரன்ஸ் முடியும் தேதி ஞாபகமிருக்கிறது. எல்.ஐ.சி. பிரீமியம் தேதி ஞாபகமிருக்கிறது. அதே காலண்டரில் ஜிம்மியின் ஊசித் தேதியையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஜிம்மியிடம் அந்தப் பொறுப்பை விட முடியாது. அதற்குக் காலண்டரைக் கிழிக்க மட்டும்தான் தெரியும்!