கிரைண்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? எம்சிபி மட்டும் இருந்தால் போதாது... ஏன் தெரியுமா?

“கிரைண்டர்ல கை வச்சா லேசா கெரண்டு அடிக்குதுங்க, செருப்பு போட்டுக்கிட்டாச் சரியாயிரும்.” உடுமலைப்பேட்டை பக்கம் இப்படிச் சொல்லிச் சமாளிக்கும் வீடுகள் உண்டு. ஆனால் அந்த ‘லேசான’ ஷாக்தான் ஆபத்தின் முதல் எச்சரிக்கை.

எம்சிபி இருக்கே, அது போதாதா?

போதாது. எம்சிபி காப்பாற்றுவது ஒயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி, அந்த அளவைத் தாண்டி மின்சாரம் பாய்ந்தால்தான் ட்ரிப் ஆகும். மனித உடலுக்கோ 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே உயிராபத்து. அதாவது, ஓர் ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு. அவ்வளவு சிறிய கசிவு எம்சிபிக்குத் தெரியவே தெரியாது.

ஆர்சிசிபி என்ன செய்யும்?

பேஸில் போகும் மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று இது கண்காணிக்கும். உடல் வழியாகவோ தரை வழியாகவோ கசிந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகளும் இவ்வகைக் கருவியைப் பொருத்தச் சொல்கின்றன. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை.

மூணாவது பின் எதுக்கு?

பிளக்கில் தடிமனாக, நீளமாக இருப்பது எர்த் பின். சாக்கெட்டில் அதுதான் முதலில் தொடும். கிரைண்டர், ஃப்ரிட்ஜ் போன்றவற்றின் உலோகப் பகுதியில் மின்சாரம் கசிந்தால் எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஆர்சிசிபியும் உடனே ட்ரிப் ஆகும். அந்தப் பின்னைக் கழற்றிவிட்டால், கசிவு அடுத்துத் தொடும் கைக்காகக் காத்திருக்கும்.

கீசரை எங்கே மாட்டலாம்?

கணக்கு சுலபம்: வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2,000 வாட் கீசருக்குச் சுமார் 9 ஆம்பியர் வரும். 6 ஆம்பியர் பாயின்ட்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டினால் சூடாகி உருகும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி வேண்டும்.

என்ன செய்யணும்?

* ஷாக் அடிக்கும் பொருளை உடனே பிளக்கிலிருந்து கழற்றுங்கள். சரிபார்க்காமல் மறுபடி போடாதீர்கள்.
* உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து எர்த்திங்கைச் சோதியுங்கள்.
* ஆர்சிசிபியில் உள்ள ‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால் மாற்றுங்கள்.
* அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைத் தவிர்த்து நேரடி இணைப்பு கொடுக்காதீர்கள். எங்கோ கசிவு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.
* யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். அதன் பிறகே ஆளைத் தொடுங்கள்.